பாதிரியாரின் கறுப்புக் கோட்டு

அந்தத் துறைமுக ஊரில் அவரை எல்லோரும் இலைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனைக்குச் சொந்தமான மூலிகைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. அங்கே முளைப்பது, பூப்பது, காய்ப்பது, அழுகுவது எல்லாவற்றையும் நீர்வண்ணத்தில் வரைந்து தாள் தாளாக அடுக்கி வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. எந்த இலை மருந்து, எந்த இலை நஞ்சு என்று வைத்தியம் படிக்க வருகிறவர்கள் அவர் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதனால் ஒரு நரம்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இலையில் புழு ஓட்டை போட்டிருந்தால் அந்த ஓட்டையையும் வரைவார்.

"புழுவையும் வரைவாரு, அது கொஞ்ச நேரம் உக்காந்து குடுத்தா" என்பாள் அவர் மனைவி.

அவள் வீட்டின் பின்கட்டில் பதினெட்டுக் கோழிகள் வளர்த்தாள். கோழிகளிடமும் பேசுவாள், அடுப்போடும் பேசுவாள், பதில் வராவிட்டாலும் கணவனோடும் பேசுவாள். அவருக்கு வாய் திறப்பதே அபூர்வம். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவதால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை பாதிரியார் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அவர் அந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வயது. வந்த புதிதில் உயரத்துக்கேற்ற உடம்பும் உருண்டைக் கன்னமுமாக இருந்தார். முந்தின மழைக்காலத்தில் கப்பல்துறைப் பக்கம் ஒரு காய்ச்சல் பரவியது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டபோது அவர் மட்டும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார், உயிர் போகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரும் படுத்தார். மூன்று மாதம் கழித்து எழுந்து வந்தபோது மிச்சமிருந்தது எலும்பும் தோலும் ஒரு கறுப்புக் கோட்டும்தான். தெருவில் கோட்டு முன்னால் நடந்துவர, அவர் அதற்குள்ளே பின்னால் வருவது போலிருக்கும்.

"ஒரு உதவி வேணும். என் முகத்தை வரைஞ்சு குடுக்கணும்" என்றார்.

"நான் மனுஷங்களை வரையறதில்லைங்க ஐயா" என்றார் இலைக்காரர். "அசைஞ்சுக்கிட்டே இருப்பாங்க."

"நான் அசைய மாட்டேன்."

"கதவைத் திறந்த காத்துக்கே ஆடறீங்களே. முதல்ல உள்ள வந்து உக்காருங்க" என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

பாதிரியார் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கடல் தாண்டி ஆறு வாரப் பயணத்தில் இருக்கும் அவருடைய ஊரிலிருந்து அம்மா எழுதியது. மாசம் தவறாமல் மகனின் கடிதம் வருவதாகவும், எல்லாவற்றிலும் 'நான் நலம்' என்று ஒரே வரி இருப்பதாகவும், அந்த வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். 'எழுத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உன் முகத்தை யாரையாவது வரையச் சொல்லி அனுப்பு. அனுப்பாவிட்டால் நானே கப்பல் ஏறி வந்து பார்ப்பேன்' என்று முடிந்திருந்தது.

"நான் காய்ச்சல்ல படுத்தது அவங்களுக்குத் தெரியாது" என்றார் பாதிரியார். "அறுபத்தஞ்சு வயசு. படகுல ஆத்தைத் தாண்டினாலே ரெண்டு நாள் படுத்துடுவாங்க. கடல் அவங்களுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. ஆனா சொன்னா செய்வாங்க. அதனால..." கொஞ்சம் தயங்கினார். "கொஞ்சம் சதை போட்டு வரையணும்."

"எதுக்கு?"

"கன்னத்துக்கு."

இலைக்காரர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இல்லாததை நான் வரையறதில்லைங்க. போன ஞாயித்துக்கிழமைதான் பொய்யைப் பத்தி நீங்களே ஒரு மணி நேரம் பேசினீங்க."

"முக்கால் மணி நேரம்."

"எனக்கு ஒரு மணி நேரமாத் தெரிஞ்சுது."

பாதிரியாரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. வாதாடத் தெம்பில்லாமல் எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைப் பார்த்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள்.

"ஏங்க, ஒரு அம்மா நிம்மதியாத் தூங்கறதுக்கு ரெண்டு கன்னம் கேக்கறாரு. உங்க வீட்டுச் சொத்தையா எழுதிக் கேக்கறாரு? போடுங்களேன்." பிறகு பாதிரியார் பக்கம் திரும்பினாள். "அவர் வரைவாரு. ஆனா நீங்க தினம் காலையில வந்து உக்காரணும். வந்தா பால்ல முட்டை அடிச்சுத் தருவேன், மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது குடிச்சுடணும். சம்மதமா தம்பி?"

அது வரை அவரை அந்த ஊரில் யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முகத்தில் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று வந்து போனது. "சம்மதம் அக்கா" என்றார்.

இலைக்காரரை யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஜெபம் முடிந்ததும் பாதிரியார் வந்துவிடுவார். முன்னறையில் வடக்கு ஜன்னலோரம் நாற்காலி. முதலில் முட்டைப் பால், பிறகு படம். முதல் நாள் இலைக்காரர் பென்சிலில் வரைந்தார். கை பழக்கத்தை விடுமா? குழி விழுந்த கன்னம், புடைத்த தாடை எலும்பு, கண்ணுக்குக் கீழே நிழல் எல்லாம் உள்ளது உள்ளபடி தாளில் வந்து உட்கார்ந்துவிட்டன. அதை அழிக்க மனம் வரவில்லை. ஒரு இலைப் படக் கட்டுக்குள் செருகி வைத்துவிட்டு, வேறொரு தாளை நனைத்து, பலகையில் இழுத்து ஒட்டினார்.

முகம் அவரைப் படாத பாடு படுத்தியது. நீர்வண்ணத்தில் ஒரு தடவை வைத்த வண்ணத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். இல்லாத கன்னத்தில் வெளிச்சம் எங்கே விழும் என்று யார் சொல்வது? கண்ணெதிரே இருப்பதைப் பார்த்தே பழகியவருக்கு, இல்லாததை நினைத்து வரைவது இருட்டில் கால் வைப்பது மாதிரி இருந்தது. கடைசியில் எதிர்வீட்டு ரொட்டிக்காரர் வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவருடைய கன்னத்தில் பாதியைக் கடன் வாங்கிப் பாதிரியாருக்கு வைத்தார். பாதிரியாரிடம் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். கழுத்தையும் கழுத்துப்பட்டை நிரம்பும்படி கொஞ்சம் தடிக்க வைத்தார்.

நாலாம் நாள் கோட்டுக்கு வந்தார். வந்ததும் இலைக்காரர் முகமே மலர்ந்துவிட்டது. கோட்டில் எதையும் மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது கண்ணெதிரே இருந்தது. பார்த்து வரைந்தால் போதும். கறுப்பு வண்ணத்தை அவர் தொடவில்லை. நீலத்தையும் பழுப்பையும் கலந்து ஒரு கறுப்பைக் கொண்டுவந்தார். வாடிப்போன இலை எங்கே மடிகிறது, எங்கே தொய்கிறது என்று பார்ப்பது போலவே தோளைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஈரத் தூரிகையால் ஒற்றி ஒற்றி ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் மெல்லிய வெளிச்சத்தை எழுப்பினார். இரண்டு காலை முழுக்க அதிலேயே போனது. வேலை செய்துகொண்டே தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டிருந்தார்.

"பாட்டெல்லாம் பாடறாரே" என்று பாதிரியார் ஆச்சரியப்பட்டார்.

"துணியைப் பார்த்தா உற்சாகம், மனுஷனைப் பார்த்தா பயம். நானும் கல்யாணம் ஆனதுலேருந்து பார்க்கறேன்" என்றாள் மனைவி.

ஆறாம் நாள் படம் முடிந்தது. பாதிரியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்த ஆளைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கு அண்ணா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் படத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். அந்த வார இறுதியில் படம் கப்பலேறிவிட்டது.

படம் முடிந்தாலும் முட்டைப் பால் முடியவில்லை. மறுநாள் காலை பாதிரியார் அந்தத் தெரு வழியாகப் போனபோது, "ஆறிப் போகுது, வாங்க" என்று ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். அதற்கடுத்த நாள் அவராகவே வந்தார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. பால் குடித்த பிறகு அரை மணி நேரம் இலைக்காரர் வரைவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாளெல்லாம் ஊரார் கவலையைக் கேட்கிற மனிதருக்கு, ஒன்றும் பேசாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. இலைக்காரருக்கும் அது பிடித்திருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. ஜன்னலோர நாற்காலியின் மேல் தாள் எதையும் வைக்காமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து இலைக்காரர் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கடல் தாண்டி அவருக்கு யாருமே கிடையாது. முகவரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரித்தார். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார, அவர் சத்தமாகப் படித்தார்.

'படம் வரைந்த ஐயாவுக்கு, பாதிரியாரின் அம்மா எழுதுவது. படம் நனையாமல் வந்து சேர்ந்தது. முகம் அழகாக இருக்கிறது. அது என் மகனுடைய முகம் இல்லை. ஆனால் அந்தக் கோட்டு நான் தைத்தது.

நான் நாற்பது வருஷமாகத் தையல் வேலை செய்கிறவள். அவன் கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அந்தக் கோட்டை வெட்டினேன். தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும். உங்கள் படத்தில் அது இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடக்கிறது. கோட்டின் கை மணிக்கட்டோடு நிற்கும்படி விட்டேன். படத்தில் அது விரல் முட்டியைத் தொடுகிறது. அக்குளிலிருந்து இரண்டாம் பொத்தானுக்கு மூன்று மடிப்பு போட்டிருக்கிறீர்கள். உள்ளே ஆள் நிரம்பியிருந்தால் அந்த இடத்தில் ஒரு மடிப்பும் விழாது. கோட்டு தானாகப் பெரிதாகாது ஐயா.

முகத்தை அவன் சொல்லி வரைந்தீர்கள். கோட்டைப் பார்த்து வரைந்தீர்கள். கோட்டை இப்படி வரைகிறவருக்குப் பொய் சொல்ல வராது என்று நம்பித்தான் எழுதுகிறேன். என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? இப்போது எப்படி இருக்கிறான்? அவனை அளந்து எனக்கு அளவு அனுப்புங்கள். தொளதொளவென்று இதைப் போட்டுக்கொண்டு அவன் குளிரில் நடக்கக் கூடாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனிடம் சொல்ல வேண்டாம். அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இருப்பான். இருக்கட்டும்.'

இலைக்காரர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். மனைவிகூடப் பேசவில்லை. அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

"மூணு மடிப்பு" என்றார் கடைசியில். "எண்ணியிருக்காங்க."

"அழறீங்களா என்ன?"

"இல்லை. இத்தனை வருஷமா படிக்கிறவங்க எத்தனையோ பேர் என் படத்தைப் பார்த்திருக்காங்க. ஒருத்தராவது இப்படிப் பார்த்ததில்லை."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பாதிரியார் வந்துவிட்டார். அவர் கையிலும் ஒரு கடிதம். அதே கப்பலில் வந்தது. மனைவி சட்டென்று இலைக்காரர் மடியிலிருந்த கடிதத்தை எடுத்து முட்டைக் கூடைக்கு அடியில் தள்ளினாள்.

"அண்ணா, அக்கா, கேளுங்க! அம்மா எழுதியிருக்காங்க. கன்னம் நல்லா இருக்காம். பார்த்ததும் நிம்மதியா இருந்துச்சாம்!" முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க அண்ணா."

இலைக்காரர் முட்டைக் கூடையைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நரம்பைக்கூட இட்டுக்கட்டாத மனிதர், மகனுக்காக அம்மாவிடம் ஒரு பொய்யும், அம்மாவுக்காக மகனிடம் ஒரு பொய்யுமாக நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

அளவு எடுப்பது அடுத்த பாடு. நல்லவேளையாக அந்தப் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். மறுநாள் பாதிரியார் பாலைக் குடித்து முடித்ததும் ஒரு நூற்கண்டோடு வந்து நின்றாள்.

"எழுந்து நில்லுங்க தம்பி. இவரு மனுஷனை வரையக் கத்துக்கப் போறாராம். தோளுக்கும் கைக்கும் என்ன கணக்குன்னு தெரியணுமாம்."

"இப்பவா? இத்தனை வயசுக்கு மேலயா?"

"எந்த வயசுல புத்தி வந்தா என்ன? கையைத் தூக்குங்க."

மார்பு, இடுப்பு, தோள், கழுத்து, கையின் நீளம், முதுகின் நீளம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி, அளவு முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டாள். இலைக்காரர் ஒரு பலகையை வைத்துக்கொண்டு ஏதோ வரைவது போல் பாவனை செய்தார். முதுகை அளக்கும்போது அவள் முகம் கொஞ்சம் கோணியது. முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. "நேரா நில்லுங்க" என்று அதட்டி அதை மறைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே இலைக்காரர் பதில் எழுதினார். காய்ச்சல் பற்றி, கப்பல்துறை வீடுகள் பற்றி, மூன்று மாதப் படுக்கை பற்றி, இப்போது தினமும் இரண்டு முட்டை உள்ளே போவது பற்றி, எதையும் விடாமல், கூட்டாமல் எழுதினார். முடிச்சுப் போட்ட நூல்களை எந்த நூல் எதற்கு என்று சீட்டுக் கட்டிச் சுருட்டினார். பிறகு இலைப் படக் கட்டைப் பிரித்து, முதல் நாள் வரைந்த பென்சில் முகத்தை எடுத்தார். அதையும் உறைக்குள் சேர்த்து வைத்து ஒட்டினார். 'இதுதான் அவர்' என்று அடியில் எழுதியிருந்தார்.

மாதங்கள் போயின. தோட்டத்தில் ஒரு கொடி பூத்து, காய்த்து, விதை உதிர்த்தது. இலைக்காரர் அத்தனையையும் வரைந்து முடித்தார். பாதிரியார் தினமும் வந்தார். இரண்டு முட்டை மூன்றாயிற்று. பாலோடு ரொட்டியும் சேர்ந்தது. எதிர்வீட்டு ரொட்டிக்காரர், தன் கன்னம் கடல் தாண்டிப் போன கதை தெரியாமலே, ஞாயிற்றுக்கிழமை தோறும் பாதிரியாருக்கு ஒரு முழு ரொட்டி கொடுத்தனுப்பினார். மெல்ல மெல்லக் கண்ணுக்குக் கீழிருந்த நிழல் போனது. குரலில் தெம்பு வந்தது. பிரசங்கம் முக்கால் மணி நேரத்திலிருந்து உண்மையிலேயே ஒரு மணி நேரத்துக்கு நீண்டது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த மாற்றம் உறைக்கவில்லை.

குளிர் தொடங்கிய வாரத்தில் அம்மாவின் பார்சல் வந்தது. பாதிரியார் அதைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு இலைக்காரர் வீட்டுக்கு வந்தார். உள்ளே ஒரு புதுக் கறுப்புக் கோட்டு. கனத்த துணி, வழவழப்பான உள்துணி, வரிசையாகப் பளபளக்கும் ஆறு பொத்தான்.

"போட்டுப் பாருங்க தம்பி, போட்டுப் பாருங்க!" என்று மனைவி குதித்தாள்.

போட்டார். தோளில் ஏறுவதற்கே மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. பொத்தானும் ஓட்டையும் ஒன்றையொன்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டன. மூன்று விரற்கடை இடைவெளி. இழுத்துப் பார்த்தார். முதுகுத் தையல் முனகியது. விட்டுவிட்டார்.

இலைக்காரரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியார் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சு" என்றார்.

"என்ன தம்பி?"

"அவங்க கை தப்பாது அக்கா. ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. ஆளைப் பார்த்தாலே போதும், நூல் பிசகாம வெட்டுவாங்க. என் பழைய கோட்டு அளவு அவங்களுக்கு மனப்பாடம். கை எப்படி இவ்வளவு தப்பும்? கண்ணு போயிருக்கணும். இல்லைன்னா நினைவு தப்பியிருக்கணும். என்கிட்ட மறைக்கிறாங்க. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு எழுதிட்டு அங்க என்ன பாடு படறாங்களோ." எழுந்துவிட்டார். "சனிக்கிழமை ஒரு கப்பல் போகுது. நான் கிளம்பறேன்."

"ஐயா, உக்காருங்க" என்றார் இலைக்காரர்.

அவர் குரல் அப்படி ஒலித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாதிரியார் உட்கார்ந்தார். இலைக்காரர் அலமாரியிலிருந்து அம்மாவின் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பாதிரியார் படித்தார். கோட்டு இறுக்கிப் பிடித்திருந்ததால் கையை மடக்க முடியாமல், கடிதத்தை முகத்துக்கு எட்டத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். மூன்று மடிப்பு பற்றிய இடம் வந்ததும் நிறுத்தினார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"அன்னைக்கு நூல் வச்சு அளந்தது..."

"இதுக்குத்தான்" என்றாள் மனைவி. "அப்ப நீங்க அவ்வளவுதான் இருந்தீங்க. அப்புறம் நான் போட்ட முட்டையெல்லாம் எங்கே போகும்? அவங்க கை தப்பலை தம்பி. நீங்கதான் அளவைத் தாண்டிட்டீங்க."

"எத்தனை மாசமா உங்களுக்குத் தெரியும்?"

இலைக்காரர் எண்ணிப் பார்த்துச் சொன்னார். "நாலரை."

"நான் தினமும் இங்கே வந்து உக்காந்தேன். அம்மா நம்பிட்டாங்கன்னு எத்தனை தடவை சிரிச்சேன்."

"ஆமா. அந்த நாலரை மாசமும் எனக்குச் சரியாத் தூக்கம் இல்லை. நீங்க பொய்யைப் பத்திப் பேசற ஞாயித்துக்கிழமையெல்லாம் தூணுக்குப் பின்னாடி உக்காந்தேன்."

பாதிரியார் கடிதத்தை மேஜையில் வைத்தார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். கோழிகள் தானியம் என்று நினைத்து அவர் காலைச் சுற்றிக்கொண்டன. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இறுக்கமான புதுக் கோட்டில் அந்தத் தோள் இரண்டும் குலுங்குவது சமையலறையிலிருந்தே தெரிந்தது. கோபமா அழுகையா என்று இலைக்காரருக்குப் பிடிபடவில்லை. போகலாமா வேண்டாமா என்று வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

மனைவி அந்த யோசனையெல்லாம் செய்யவில்லை. நேரே போய், "கழட்டுங்க அதை, தையல் பிரிஞ்சுடப் போகுது" என்று கோட்டை அவர் மேலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து உள்துணியின் ஓரத்தை ஊசி முனையால் நாலு தையல் பிரித்தாள். உள்ளே விரலை விட்டாள். முகம் மாறியது.

"இங்கே வாங்க, ரெண்டு பேரும்."

இரண்டு பேரும் வந்து குனிந்தார்கள். பக்கத் தையலுக்கு உள்ளே துணி வெட்டப்படாமல் அகலமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு நாலு விரல் இருக்கும். மனைவி முதுகுத் தையலைப் பிரித்தாள். அங்கேயும் அதே மாதிரி. கையின் உள்பக்கத்திலும் நீளத்துக்கு மடிப்பு வைத்து, பிரிப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பெரிய பெரிய தையலாகப் போட்டிருந்தார் அம்மா.

"இவ்வளவு துணியை உள்ள விட்டுத் தைக்கறவங்களை நான் பார்த்ததே இல்லை" என்றாள் மனைவி. "நூல் சொன்ன அளவுக்கு வெளியில தைச்சிருக்காங்க. நீங்க தேறி வந்துடுவீங்கன்னு உள்ள தைச்சிருக்காங்க."

பாதிரியார் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். துணிக்குள் சாக்குக் கட்டியால் போட்ட வெள்ளைக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணைக்கூடத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

இலைக்காரர் மேஜையருகே போனார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவை மையில் தோய்த்தார். இரண்டையும் பாதிரியார் முன்னால் மேஜையில் வைத்தார்.

பாதிரியார் உட்கார்ந்து எழுதினார். மனைவி எதிரே உட்கார்ந்து கோட்டின் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டே, "காய்ச்சல் வந்ததை எழுதினீங்களா? தலைமுடி கொட்டினதை? என்னைப் பத்தி ஒரு வரி எழுதுங்க, முட்டைக்காரின்னு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாலு வருஷத்தில் அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் அதுதான் நீளமானது. ஒன்பது பக்கம் வந்தது.

சனிக்கிழமைக் கப்பலில் அவர் போகவில்லை, கடிதம்தான் போனது. ஆனால் குளிர் முடிந்ததும் மேலிடத்தில் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, பெரிதாக்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டார். துறைமுகத்தில் மனைவி ஒரு கூடை அவித்த முட்டை கொடுத்தாள். இலைக்காரர் அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார், விடுவதற்கு மறந்துவிட்டார். கப்பல்காரர் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

பாதிரியாரிடமிருந்து கோடையில் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்ணும் நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். வந்து இறங்கியதும் கட்டிப்பிடிக்கக்கூட இல்லையாம், கோட்டைத் திருப்பிப் பார்த்து, இந்தத் தையலைப் போட்டது யார், கை சுத்தமாக இருக்கிறதே என்றுதான் முதலில் கேட்டாராம். நீர்வண்ணப் படத்தைச் சட்டம் போட்டுத் தையல் அறையில் மாட்டியிருக்கிறாராம். தையல் கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் தோள் தையலையும் மடிப்பையும் காட்டி, ஒரு கோட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இந்தப் படத்தை வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று திட்டுகிறாராம்.

"முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் மனைவி.

"அந்த ஆளு யாருன்னு கேட்டிருக்காங்க. ரொட்டிக்காரர்னு இவரு சொல்லிட்டாராம்."

மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். "அப்புறம்?"

"இலையுதிர் காலத்துல திரும்பி வர்றாரு. அம்மாவும் கூட வர்றாங்களாம்."

"கடல் ஒத்துக்காதே?"

"வாந்தி எடுத்துக்கிட்டே வர்றேன், உங்க யாருக்கு என்னன்னு சொல்லிட்டாங்களாம். தையல் மேஜையையும் ஏத்தறாங்களாம்."

மனைவி உடனே எழுந்துவிட்டாள். "அவர் வீட்டு ஜன்னல் எல்லாம் சுவரைப் பார்த்துத்தானே இருக்கு? அங்கே உக்காந்து எப்படித் தைப்பாங்க, கண்ணு கெட்டுப் போகும். பகல்ல இங்கே வந்து தைக்கட்டும். வெளிச்சம் நம்ம வீட்டுல மட்டும்தான் இருக்கு, அதையும் நீங்க ஒருத்தரே வச்சுக்கிட்டு இருக்கீங்க." ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "என்ன, பேசாம இருக்கீங்க?"

இலைக்காரர் தூரிகைகளை ஒன்று சேர்த்து எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு ஜன்னலோரமிருந்த தன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனையைப் பிடிக்கச் சொல்லி அவளுக்குத் தலையால் சைகை காட்டினார்.